நீதிக்குத் துணைபுரியும் நீல ஈ

ஐதராபாத் நகரின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ள சனத்நகர், தொழிற்சாலைகளால் வளர்ந்த இடம். 'சனத்' என்னும் உருதுச் சொல்லுக்குத் தொழில் என்பது பொருள். 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐதராபாத் ஆல்வின் நிறுவனம் குளிர்பதனப் பெட்டிகளையும் பேருந்துக் கூண்டுகளையும் செய்து இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்தது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் மருத்துவமனையும், 2016ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இன்று இங்கு உள்ளன.

தொழில் நகரங்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரு துன்பம் உண்டு. ஊரையும் உறவையும் விட்டு வந்த தொழிலாளி சிறு அறையில் தனித்து வாழ்கிறான். விடுமுறை நாட்களில் அவன் இறந்துவிட்டால் கதவைத் தட்டுவாரில்லை. நாற்றம் எழுந்த பின்னரே அண்டை வீட்டார் காவல் நிலையத்திற்குச் செல்கின்றனர். அப்போது எழும் முதல் கேள்வி, இறப்பு என்று நேர்ந்தது என்பதே. இறந்தவன் கடைசியாக யாருடன் இருந்தான், ஐயத்திற்கு உரியவர் அந்நேரத்தில் எங்கே இருந்தார், இறக்கும்போது அவன் பணியில் இருந்தானா, அவன் குடும்பத்திற்குச் சேர வேண்டிய உதவித்தொகை எது என்பன போன்ற கேள்விகள் யாவும் அந்த ஒரு நாளைப் பொறுத்தே விடை பெறுகின்றன. நாள் தவறினால் குற்றவாளி தப்பலாம். குற்றமற்றவர் சிறை செல்லலாம்.

இறந்த நேரத்தைக் கணிக்க மருத்துவர்கள் உடல் குளிர்தல், தசை விறைத்தல், குருதி தங்கி நிறம் மாறுதல் ஆகிய அறிகுறிகளைப் பார்க்கின்றனர். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு இவை போதுமானவை. வெப்ப நாட்டில் அழுகல் விரைவில் தொடங்குவதால், அதன் பின்னர் இவ்வறிகுறிகளால் பெரும்பயன் இல்லை. மருத்துவரின் கடிகாரம் நின்றுபோகும் அந்த இடத்தில் மற்றொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவே நீல ஈக்களின் வாழ்க்கைச் சுற்று.

பேகம்பேட்டை தரும் படிப்பினை

பூச்சியின் வாழ்க்கையை நுணுகி ஆராய்வது வீண் வேலை அன்று என்பதற்குச் சான்று, சனத்நகருக்கு அருகிலேயே உள்ளது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் பேகம்பேட்டையில் ரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா நுண்ணுயிரின் வளர்நிலையைக் கண்டார். அதற்காக 1902ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டடம் இன்று உஸ்மானியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒட்டுண்ணியியல் நிலையமாக விளங்குகிறது.

ஈக்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பாட்டனும் அவருடைய துணைவர் கிராக்கும் எழுதிய மருத்துவப் பூச்சியியல் நூல் 1913ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயிருள்ள விலங்குகளின் புண்களில் புழு வைக்கும் ஈக்களைப் பாட்டன் இந்தியாவில் விரிவாக ஆராய்ந்தார். நீல ஈக் குடும்பமாகிய காலிஃபோரிடே பற்றி சீனியர்-ஒயிட், ஆபர்ட்டின், ஸ்மார்ட் ஆகிய மூவர் எழுதிய தொகுதி, இந்திய விலங்கினங்கள் பற்றிய நூல் வரிசையில் 1940ஆம் ஆண்டு வெளியாயிற்று. குற்ற வழக்குகளை மனத்திற்கொண்டு அவர்கள் அதனை எழுதவில்லை. எனினும், புழு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் அதன் வயதைக் கணிக்க இயலாது. ஆகவே அந்நூலே பின்வந்த ஆராய்ச்சிகளுக்கு அடித்தளம் ஆயிற்று.

ஈயின் வாழ்க்கைச் சுற்று

கசாப்புக் கடைகளிலும், மீன் அங்காடிகளிலும், கருவாடு உலர்த்தும் களங்களிலும் மொய்க்கும் பளபளப்பான நீல நிற, பச்சை நிற ஈக்களே இக்குடும்பத்தவை. வீட்டு ஈயைவிட இவை பருமனானவை. பறக்கையில் உரத்த ரீங்காரம் எழுப்புபவை. அழுகல் தொடங்கும் முன்பே, மனிதருடைய மூக்கு அறியாத மணத்தை இவற்றின் உணர்கொம்புகள் அறிகின்றன. திறந்த வெளியில், பகற்பொழுதில், இறப்பு நேர்ந்த சில நிமிடங்களிலேயே ஈக்கள் உடலை வந்தடைவதும் உண்டு.

பெண் ஈ கண், மூக்கு, வாய் ஆகிய ஈரமான துளைகளிலும், காயங்களிலும் முட்டைகளைக் கொத்தாக இடுகிறது. ஒரு கொத்தில் 200 முதல் 300 முட்டைகள் வரை இருக்கலாம். காயமில்லாத உடலில் முகத்திலேயே புழுக்கள் மிகுதியாகக் காணப்படும். மார்பிலோ உள்ளங்கையிலோ புழுக்கள் திரண்டிருப்பின், அங்கே காயம் இருந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் ஐயுற வேண்டும். தாக்குதலைத் தடுக்க முயன்றவரின் கைகளில் உள்ள வெட்டுக்காயங்கள் இவ்வாறு வெளிப்படுவது உண்டு.

வெப்பமான நாளில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கிறது. வெளிவரும் புழு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. அது இருமுறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கிறது. புழுவின் பின்முனையிலுள்ள மூச்சுத்துளைகளை உருப்பெருக்கியால் பார்த்தால் பருவத்தை அறியலாம். இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு துளைத் தட்டிலும் இரண்டு பிளவுகளும், மூன்றாம் பருவத்தில் மூன்று பிளவுகளும் தெரியும். முழு வளர்ச்சி பெற்ற புழு 15 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, உண்பதை நிறுத்திவிடுகிறது. பின்பு உடலை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து, மண்ணுக்குள்ளோ பாய்க்கு அடியிலோ பதுங்குகிறது. அங்கே அதன் கடைசித் தோலே தடித்துப் பழுப்பு நிறக் கூடாகிறது. அக்கூட்டினுள் உருமாற்றம் முடிந்து ஈ வெளியேறுகிறது. காலிக் கூடுகள் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும்.

இங்கு ஒரு செய்தி தெளிவாகிறது. உடலின்மீது உள்ள புழுக்களை மட்டும் எடுப்பவர், வயதில் மூத்த கூட்டுப்புழுக்களைத் தவறவிடுவார். வயதில் மூத்தவையே இறப்பின் காலத்தைச் சரியாகக் காட்டுபவை. ஆகவே உடலைச் சுற்றிலும் மண்ணையும், விரிப்புகளையும், சுவரோரங்களையும் தேடுவது இன்றியமையாதது.

இரண்டு இனங்களின் போராட்டம்

தென்னிந்தியாவில் இவ்வாராய்ச்சிக்கு முதன்மையானவை இரண்டு இனங்கள். ஒன்று கிரைசோமியா மெகாசெஃபாலா. பெரிய தலையும் செந்நிறக் கண்களும் உடையது. மற்றொன்று கிரைசோமியா ரூஃபிஃபேசியஸ். முன்னதன் புழு வழவழப்பானது. பின்னதன் புழுவின் உடலெங்கும் சதைப்பற்றுள்ள முட்போன்ற நீட்சிகள் உள்ளன. ஏறத்தாழ 27 டிகிரி வெப்பத்தில் முன்னது முட்டையிலிருந்து ஈயாவதற்குச் சுமார் 10 நாட்கள் ஆகின்றன. பின்னதற்குச் சற்றுக் கூடுதலாகலாம்.

இரண்டாவது இனம் பெரும்பாலும் சற்றுத் தாமதித்தே வருகிறது. அதன் புழுக்கள் வளர்ந்தபின் முன்னர் வந்த இனத்தின் புழுக்களைப் பிடித்துத் தின்கின்றன. முதலில் வந்த சாட்சியைப் பின்னர் வந்த சாட்சி விழுங்கிவிடுவதாக இதனைக் கொள்ளலாம். முட்புழுக்கள் மட்டுமே எஞ்சியுள்ள உடலில், அவற்றின் வயதையே இறப்பின் காலமாகக் கொண்டால் கணக்கு குறைந்துவிடும். இனம் அறிந்தவரே இவ்விடரைத் தவிர்க்க இயலும்.

வெப்பமும் காலமும்

புழுவுக்கு உடல்வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் இல்லை. சூழ்நிலையின் வெப்பம் ஏறினால் அது விரைந்து வளர்கிறது. குறைந்தால் மெதுவாக வளர்கிறது. குறிப்பிட்ட ஒரு தாழ்நிலைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடுகிறது. வெப்ப மண்டல இனங்களுக்கு அத்தாழ்நிலை ஏறத்தாழ 10 டிகிரி. அதற்கு மேற்பட்ட வெப்பத்தை மணிக்கணக்கால் பெருக்கி வரும் தொகையைப் பாகை-மணி என்பர். ஒரு குறிப்பிட்ட வளர்நிலையை அடைய ஓர் இனத்திற்குத் தேவையான பாகை-மணிகளின் தொகை பெரிதும் மாறுவதில்லை.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காணலாம். ஓர் இனத்தின் புழு ஆய்வுக்கூடத்தில் 27 டிகிரி வெப்பத்தில் 100 மணி நேரத்தில் ஒரு வளர்நிலையை அடைவதாகக் கொள்க. தாழ்நிலை 10 டிகிரி எனின், தேவையான தொகை 1,700 பாகை-மணிகள். ஐதராபாத்தில் மே மாதச் சராசரி வெப்பம் 33 டிகிரியை ஒட்டியும், டிசம்பர் மாதச் சராசரி 22 டிகிரியை ஒட்டியும் அமைகின்றது. மே மாதத்தில் அப்புழு அதே நிலையை ஏறத்தாழ 74 மணி நேரத்தில் எட்டிவிடும். டிசம்பரில் அதற்கு ஏறத்தாழ 142 மணி நேரம் வேண்டும். அதாவது, ஒரே அளவுள்ள புழு கோடையில் மூன்று நாள் கதையையும் குளிர்காலத்தில் ஆறு நாள் கதையையும் கூறுகிறது. வெப்பநிலையைக் குறிக்காமல் புழுவை மட்டும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது, முகவரி எழுதாத கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

சனத்நகரில் உடல் கண்டெடுக்கப்பட்டால் பேகம்பேட்டை வானிலை நிலையத்தின் பதிவுகள் உதவும். எனினும், தகரக் கூரையிட்ட அறையின் வெப்பமும் வானிலை நிலையத்தின் வெப்பமும் ஒன்றல்ல. எனவே உடல் கிடந்த இடத்தில் அடுத்த சில நாட்களுக்கு வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து, நிலையத்தின் அளவுகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். திரண்ட புழுக் கூட்டம் தானே வெப்பத்தை உண்டாக்குவதும், அதன் நடுப்பகுதி சூழலைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கக்கூடுவதும் கணக்கில் சேர வேண்டியவை. கடும் வெப்பத்தில் இந்த எளிய பெருக்கல் முறை பொருந்தாது என்பதும் மறக்கத்தக்கதன்று.

சீனம் முதல் ஸ்காட்லாந்து வரை

ஈயைச் சாட்சியாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. 1247ஆம் ஆண்டில் சீன நாட்டு நீதி அலுவலர் சுங் ட்சு எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. சிற்றூர் ஒன்றில் ஒருவர் வெட்டுண்டு இறந்தார். விசாரணை அலுவலர் ஊராரின் அரிவாள்கள் அனைத்தையும் தரையில் பரப்பி வைக்கச் செய்தார். கழுவப்பட்டிருந்தும் கண்ணுக்குப் புலப்படாத குருதி மணத்தால் ஓர் அரிவாளின் மீது மட்டும் ஈக்கள் மொய்த்தன. அதற்கு உரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

புழுக்கள் இறைச்சியிலிருந்து தாமே தோன்றுவன என்னும் நம்பிக்கையை 1668ஆம் ஆண்டில் இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடி தம் சோதனைகளால் தகர்த்தார். மூடிய கலத்தில் புழு இல்லை. திறந்த கலத்தில் புழு உண்டு. ஈயின் முட்டையிலிருந்தே புழு வருகிறது என்னும் இவ்வுண்மை நிலைபெற்ற பின்னரே, புழுவின் வயதைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் எண்ணம் பிறக்க முடிந்தது. 1850ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு வீட்டுச் சுவரினுள் குழந்தையின் உலர்ந்த உடல் கிடைத்தபோது, மருத்துவர் பெர்ஜெரே பூச்சிகளை ஆராய்ந்து, அது அவ்வீட்டில் முன்பு குடியிருந்தோர் காலத்தது என்று முடிவு செய்தார். ஈக்களின் வளர்ச்சிக் காலத்தை அவர் மிகுத்துக் கொண்டார் எனினும், இப்புதிய வழியைத் தொடங்கியவர் அவரே. 1894ஆம் ஆண்டில் மெக்னான் வெளியிட்ட நூல், பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு அலைகளாக உடலை வந்தடைகின்றன என்று வகுத்துக் காட்டியது.

இத்துறையில் புகழ்பெற்ற வழக்கு ஒன்று இந்தியத் தொடர்புடையது. பம்பாயில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்று, இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் தொழில் நடத்திய மருத்துவர் பக் ரக்ஸ்டன் தம் மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்று உடல்களைத் துண்டாக்கினார். 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஸ்காட்லாந்தில் மாஃபட் ஊருக்கு அருகே ஓர் ஓடையில் அவ்வுடற்பகுதிகள் கிடைத்தன. அவற்றிலிருந்த புழுக்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெர்ன்ஸ் ஆராய்ந்து, அவற்றின் வயது 12 முதல் 14 நாட்கள் என்றார். பெண்கள் இருவரும் காணாமற்போன செப்டம்பர் நடுப்பகுதியோடு அது பொருந்தியது. உடற்பகுதிகளைச் சுற்றியிருந்த செய்தித்தாளின் நாளும் செப்டம்பர் 15 ஆக இருந்தது. ரக்ஸ்டன் 1936ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இவ்வழக்கில் புழு தனித்து நின்று தீர்ப்பு வழங்கவில்லை. பிற சான்றுகளோடு சேர்ந்தே வலிமை பெற்றது என்பது கருதத்தக்கது.

கனடாவின் ஸ்டீவன் டிரஸ்காட் வழக்கு வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. 1959ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவனாகிய அவனுக்குக் கொலைக் குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பிணப் பரிசோதனையில் எடுத்த புழுக்களைப் பற்றிய பழைய குறிப்புகள், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் நீதிமன்றத்தில் மீண்டும் ஆராயப்பட்டன. வல்லுநர்கள் தம்முள் மாறுபட்டனர். பல சான்றுகளையும் எடைபோட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் அவரை விடுவித்தது. அன்று எழுதப்பெற்ற சில வரிகள் 47 ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்வி எழுப்பும் ஆற்றல் பெற்றிருந்தன. அவை இன்னும் நிறைவாக இருந்திருப்பின் வல்லுநர்களின் கருத்து வேற்றுமையும் குறைந்திருக்கலாம்.

பிழைக்கு இடந்தரும் சூழ்நிலைகள்

புழுவின் வயது, இறப்பு நேர்ந்து குறைந்தது எத்தனை நாட்கள் ஆயின என்பதை மட்டுமே காட்டுகிறது. ஈ வந்த நேரமும் இறந்த நேரமும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஈக்கள் பொதுவாக இரவில் முட்டையிடுவதில்லை. கடும் மழை அவற்றைத் தடுக்கிறது. மூடிய அறையும், போர்வையில் சுற்றிய உடலும், மண்ணில் புதைத்த உடலும் அவற்றைத் தாமதப்படுத்துகின்றன. பிணவறைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த உடலில் வளர்ச்சி மிகவும் தளர்ந்துவிடும். ஆதலால் உடலைப் பெட்டிக்குள் வைத்த நேரமும் வெளியே எடுத்த நேரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நோயுற்றுப் புண்ணோடு படுத்திருப்போரை ஈக்கள் உயிரோடிருக்கும்போதே தாக்குவதும் உண்டு. கவனிப்பாரற்ற முதியவர் உடலிலுள்ள புழு இறப்புக்கு முன்பே தோன்றியிருக்கலாம். அத்தகைய புழு, இறந்த நாளைவிடக் கைவிடப்பட்ட நாளையே காட்டுகிறது. நீதிமன்றத்திற்கு அதுவும் பயனுள்ள செய்தியே.

நஞ்சும் மரபணுவும்

இந்தியாவில் பூச்சிக்கொல்லி அருந்தி இறப்போர் பலர். உடல் முற்றும் அழுகிய நிலையில் குருதியும் சிறுநீரும் கிடைப்பதில்லை. அப்போது புழுவே ஆய்வுப் பொருளாகிறது. உடற்சதையோடு நஞ்சையும் அது உட்கொண்டிருக்கும். ஹவாய்த் தீவில் அழுகிய உடல் ஒன்றிலிருந்த புழுக்களில் மாலத்தியான் இருப்பதைக் குணதிலகவும் காஃபும் கண்டறிந்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்புழுக்கள் மேலே கூறிய இரண்டு கிரைசோமியா இனங்களைச் சேர்ந்தவையே. நஞ்சு புழுவின் வளர்ச்சி வேகத்தை மாற்றவும் கூடும் என்பதால், நஞ்சு அறியப்பட்டவுடன் வயதுக் கணக்கையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இளம் புழுக்களை உருவத்தால் இனம் பிரிப்பது கடினம். அவற்றின் மரபணுத் தொடரை ஒப்பிட்டு இனம் காணும் முறை இப்போது வழக்கில் உள்ளது. புழுவின் உணவுப்பையில் உள்ள சதையிலிருந்து, அது யாருடைய உடலை உண்டது என்பதைக் காணவும் முடியும். மரபணு ரேகை முறையை இந்தியாவில் வளர்த்த லால்ஜி சிங் பணியாற்றியது ஐதராபாத்திலேயே. மத்திய தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றும் இந்நகரின் இராமந்தாபூர்ப் பகுதியில் உள்ளது. பூச்சியியல், மரபியல், சட்ட மருத்துவம் ஆகிய மூன்றும் ஒரே நகரில் கூடியிருப்பது நல்வாய்ப்பாகும்.

சட்டமும் அலுவலர் கடமையும்

வல்லுநர் கருத்தை ஏற்க 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவில் இடமளித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 39ஆம் பிரிவிலும் அவ்விடம் உள்ளது. அதே நாளில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழிடம் சென்று சான்று திரட்ட வேண்டும் என்கிறது. மாநில அரசுகள் இதனை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். அவ்வாறு செல்பவர் புழுவை அருவருப்புக்கு உரிய அழுக்காகக் கருதிக் கழுவிவிட்டால், சட்டம் தந்த வாய்ப்பு வீணாகும்.

செய்ய வேண்டியவை மிகுந்த செலவுடையன அல்ல. முதலில் காற்று, உடல், புழுத்திரள், மண் ஆகியவற்றின் வெப்பத்தைத் தனித்தனியே குறிக்க வேண்டும். உடலின் பல பகுதிகளிலிருந்தும் புழுக்களை எடுக்க வேண்டும். மிகப் பெரியவை விடுபடலாகாது. பாதியைக் கொதிநீர் போன்ற சூடான நீரில் அமிழ்த்தி, 80 சதவிகித ஆல்கஹாலில் இட வேண்டும். நேரடியாக ஆல்கஹாலில் இட்டால் புழு சுருங்கி அளவு பிழைபடும். மறுபாதியைக் காற்றுப் புகும் கலத்தில் ஈரல் துண்டோடு உயிருடன் வளர்த்து, ஈயாக்கி, இனத்தை உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு கலத்திலும் நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். கலம் கைமாறிய விவரம் ஒன்று விடாமல் பதிவாக வேண்டும். இல்லையேல் குறுக்கு விசாரணையில் சான்று நிற்காது.

மாணவர்களுக்கும் இதில் பணி உண்டு. பாட்டியாலாவிலுள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயல் உடல்களில் பூச்சிகள் வரும் வரிசையை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பஞ்சாபின் அளவுகள் தக்காணப் பீடபூமிக்கு அப்படியே பொருந்தமாட்டா. ஐரோப்பிய அட்டவணைகள் அதனினும் பொருந்தமாட்டா. கோடை, மழை, குளிர் ஆகிய மூன்று பருவங்களிலும், வெயிலிலும் நிழலிலும் அடைத்த அறையிலும் அந்தந்த ஊர் ஈக்கள் வளரும் வேகத்தை அளந்து அட்டவணை ஆக்க வேண்டும். ஒரு வெப்பமானியும், உருப்பெருக்கியும், சில கண்ணாடிக் கலங்களும், ஒழுங்காக எழுதிய குறிப்பேடும் இருந்தால் மாவட்டக் கல்லூரியின் விலங்கியல் துறையிலும் இப்பணியைத் தொடங்கலாம். அவ்வட்டவணைகள் ஆய்வகங்களின் கையில் இருக்கும்போதுதான், பூட்டிய அறையில் பெயரறியாது கிடந்தவன் இறந்த நாளை உறுதியாகக் கூறவும், அந்நாளில் வேறிடத்தில் இருந்தவனைப் பழியிலிருந்து விடுவிக்கவும் இயலும்.